மூழ்கும் டிப்பும் இருகைக் கம்பும்: வீச்சு கெட்டால் எங்கே பார்ப்பது

ஃப்ளை என்கிற செயற்கை இரையைக் கனத்த லைனால் வீசி மீன் பிடிப்பதில், இரு கையாலும் பிடிக்கும் நீண்ட கம்பு ஒரு வகை. அதன் லைனின் முன்முனையில் மாட்டும் துண்டுதான் டிப். மிதக்கும் டிப்போடு அழகாகப் போய்க்கொண்டிருந்த வீச்சு, மூழ்கும் டிப்பை மாட்டிய அன்றே கெட்டுப்போகும். இருகைக் கம்பு பிடிக்கிற பலருக்கும் இது நடக்கிறது. எனக்கும் நடந்தது. சோழவந்தான் பக்கம் வைகையில் அணைத் தண்ணீர் ஓடிய ஒரு வாரம் முழுக்க, தினமும் காலையில் இரண்டு மணி நேரம் முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஒரு வீச்சுகூட நேராக விழவில்லை. கடைசி நாள் கூட வந்த நண்பர் கரையில் நின்று போனில் படம் எடுத்தார். எடுத்ததைக் காட்டி, "மாப்ள, நீ முன்னாடியே பாத்துக்கிட்டு நிக்கிற. ஃப்ளை எங்க கெடக்குன்னு ஒரு தடவைகூட பாக்கல" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. குறை முன்னால் தெரியும். அதற்கான காரணம் இரண்டு வினாடிக்கு முன்பே தண்ணீரில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், முதலில் டிப் எங்கே கிடக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். கையைத் திருத்துவது அப்புறம்.

கம்பை எடுப்பதற்கு முன்

லைனில் டிப்புக்குப் பின்னால் வரும் கனத்த பகுதி ஹெட். ஹெட்டிலும் டிப்பிலும் எடையைக் கிரெயின் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு கிராம் என்பது 15.4 கிரெயின். நமக்குப் பவுன் கணக்கு எளிது. ஏழாம் எண் கம்புக்குப் பலரும் போடும் 500 கிரெயின் ஸ்கேஜிட் ஹெட், ஏறக்குறைய நாலு பவுன். டி-11 என்று எழுதியிருந்தால் அடிக்கு 11 கிரெயின் என்று அர்த்தம். பத்தடி டிப் 110 கிரெயின், ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. டி-14 பத்தடி ஒரு பவுனைத் தாண்டிவிடும். டி-8 என்றால் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல்.

நாலு பவுன் ஹெட் ஒரு பவுன் டிப்பை இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஸ்கேஜிட் ஹெட் குட்டையாக, முன்முனைவரை கனமாக இருப்பது இதற்காகத்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஸ்கேஜிட் ஆற்றில், ஸ்டீல்ஹெட் மீனைத் தேடிக் குளிர்காலத்தில் கனத்த டிப் வீசியவர்கள் வளர்த்தெடுத்த முறை அது. முன்முனை மெலிந்து போகும் ஸ்காண்டி ஹெட்டில் டி-14 கட்டினால் என்ன செய்தாலும் சேராது. அதைக் கையின் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் உழைக்காதீர்கள்.

டிப்பையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு லீடர். அது மூன்றிலிருந்து ஐந்தடி போதும். மிதக்கும் லைனுக்குக் கட்டுகிற மாதிரி பன்னிரண்டு அடி கட்டினால் டிப் கீழே போகும், ஃப்ளை மேலேயே நிற்கும். பழகும் நாட்களில் முள்ளின் வளைவை வெட்டிவிட்டு வீசுங்கள். புல்தரையில் பழக வேண்டாம். டிப்பும் ஃப்ளையும் ஒட்டிப் பிடிக்கத் தண்ணீர் வேண்டும். டங்ஸ்டன் பூச்சுள்ள டிப்பைக் கட்டாந்தரையில் இழுத்தால் மேல்பூச்சு தேய்ந்துவிடும்.

மதுரையைச் சுற்றி இதற்குக் கண்மாய்தான் சரியான இடம். கரையின் அடிவாரத்தில் தண்ணீருக்குள் இறங்கி நின்றால், முதுகுக்குப் பின்னால் கரை எழும்பி நிற்கும், அதன் மேல் பனையோ கருவேலமோ இருக்கும். லைனைப் பின்னால் நீட்டி வீச இடமே இருக்காது. ஸ்காட்லாந்தில் ஸ்பே ஆற்றங்கரையிலும் இதே சிக்கல்தான். அங்கே மரங்களும் மேட்டுக்கரையும் பின்வீச்சுக்கு இடம் தராததால்தான் இந்த வீச்சு முறையே பிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து மாசிவரை தண்ணீர் கிடக்கும், அதுவே நம் பருவம். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். உள்ளே இருப்பது அவர் காசு கொடுத்து விட்ட குஞ்சுகள். மடை திறந்திருக்கும்போது மடைவாய்க்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது.

"கம்பு வளைகிறது, லைன் தண்ணீரைவிட்டு வர மாட்டேன் என்கிறது"

இதுதான் முதல் குறை, மற்றப் பலவற்றுக்கும் தாய். டிப் ஆழத்தில் கிடக்கும்போதே வீச்சைத் தொடங்கிவிடுகிறோம். மிதக்கும் லைனை எந்த நேரமும் உரித்து எடுக்கலாம். மூழ்கிய டிப்பின் மேல் இரண்டு மூன்றடித் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. வேகமாக இழுக்க இழுக்கத் தண்ணீர் அதிகமாகப் பிடிக்கும்.

கமலையில் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சால் நிறைந்தபின் மாட்டை வெடுக்கென்று விரட்டினால் வடம்தான் அறும். மாடு இறங்குசரிவில் நிதானமாக நடக்க, சால் கிணற்றைவிட்டு ஒரே சீராக எழும்பி வரும். டிப்பையும் அப்படியே எழுப்ப வேண்டும்.

ஓடும் தண்ணீரில் பாதி வேலையை ஆறே செய்துவிடும். லைன் நீர் ஓடும் திசையில் நேராக நீளும்வரை பொறுத்திருந்து, ஹெட்டின் பின்முனை கம்பு நுனிக்கு வெளியே ஓரடி இருக்கும்படி லைனை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பைத் தண்ணீர் மட்டத்திலிருந்து தோள் உயரம்வரை மெதுவாக உயர்த்துங்கள். நீரோட்டம் டிப்பை மேலே தள்ளிக் கொண்டுவரும்.

கண்மாயில் அந்த உதவி கிடையாது. நிற்கும் தண்ணீரில் டிப் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். அங்கே முதலில் ஒரு ரோல் வீச்சு தேவை, அதாவது லைனைப் பின்னால் பறக்கவிடாமல் நீரின் மேல் முன்னால் உருட்டிவிடும் வீச்சு. தூரத்துக்காக இல்லை, டிப்பை மேலே கொண்டுவந்து நீரின் மேல் நேராகப் படுக்க வைக்க. ஒரு ரோலில் வராவிட்டால் இன்னொன்று. டிப் மேலே படுத்தது கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கணமே அடுத்த அசைவைத் தொடங்க வேண்டும். டி-11 வினாடிக்கு ஏழு அங்குலம் போல இறங்கும். "அப்பாடா, மேலே வந்துவிட்டது" என்று மூன்று வினாடி நின்றால், டிப் மறுபடி ஒன்றே முக்கால் அடி ஆழத்தில் இருக்கும். ரோல் போட்டது வீண்.

"முன்னால் அடித்தால் சளப் என்று செத்து விழுகிறது"

டிப் மேலே வந்துவிட்டது, நங்கூரமும் வைத்தாயிற்று. ஆனால் முன்வீச்சில் உயிர் இல்லை, லைன் பத்தடி போய்க் குவியலாக விழுகிறது. நங்கூரம் அளவுக்கு மீறிப் பிடித்திருக்கிறது என்று பொருள்.

நங்கூரம் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். முன்னால் வீசுவதற்குமுன் டிப்பும் ஃப்ளையும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருக்க, ஹெட்டின் மீதிப் பகுதி நம் முதுகுப்பக்கம் ஆங்கில டி எழுத்துப்போல வளைந்து நிற்கும். அந்த ஒட்டுதல்தான் நங்கூரம், அந்த வளைவுதான் கம்புக்குப் பாரம். ஒட்டுதல் குறைந்தால் பாரம் இல்லை, கூடினால் விடுபடாது.

கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறுத்தம்தான். நங்கூரம் வைத்தபின் ஒரு நொடி நிற்கிறோம், சரியாக விழுந்ததா என்று யோசிக்கிறோம், அதற்குள் டிப் இறங்கிவிடுகிறது. அல்லது கம்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோன பிறகு, மிதக்கும் லைனில் பழகிய வழக்கப்படி அந்த டி வளைவு உருவாகட்டும் என்று காத்திருக்கிறோம். மூழ்கும் டிப்பில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நங்கூரம் விழுந்ததும் ஸ்வீப் (கம்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோவது), ஸ்வீப் முடியும் இடத்திலேயே கம்பு மேலேறி முன்வீச்சாக மாற வேண்டும். நடுவில் எங்கும் கயிறு தளரக் கூடாது. சித்திரையில் மாசி வீதியில் தேர் இழுப்பதைப் பாருங்கள். வடம் விறைப்பாக இருக்கும்வரை தேர் நகரும். தளரவிட்டு மறுபடி இழுத்தால் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறுத்தாமல் செய் என்றால் பலர் வேகமாகச் செய்கிறார்கள். இரண்டும் வேறு. ஸ்வீப் மெதுவாகத்தான் போக வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது. நான் வாய்விட்டு எண்ணிப் பழகினேன்: நங்கூரம் தண்ணீரைத் தொடும்போது "ஒண்ணு", ஸ்வீப் முழுவதும் இழுத்து "ரெ...ண்டு", முன்வீச்சு "மூணு". பக்கத்தில் ஆள் இருந்தாலும் கூச்சப்படாமல் எண்ணுங்கள். ஒரு வாரத்தில் கை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது சரியாக இருந்தும் லைன் செத்து விழுந்தால் ஸ்வீப்பில் கம்பு நுனி கீழே குழிகிறதா என்று பாருங்கள். நுனி குழிந்தால் ஹெட்டின் நடுப்பகுதியும் தண்ணீரில் படுத்துவிடும். டிப்போடு சேர்ந்து அதுவும் ஒட்டிக்கொள்ளும். நுனி தொடக்கத்திலிருந்து முடிவுவரை சற்றே மேலேறியபடி போக வேண்டும். இதை நம் கண்ணால் பார்க்க முடியாது, போனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால்தான் தெரியும்.

"பின்னால் சாட்டை சொடுக்குகிறது, ஃப்ளை கருவேலத்தில் போய் மாட்டுகிறது"

மேலே சொன்னதற்கு நேர் எதிர். நங்கூரம் பிடிக்கவே இல்லை, தண்ணீரைவிட்டுக் கிளம்பிப் பின்னால் பறந்துவிட்டது. காரணம் ஏறத்தாழ எப்போதும் ஸ்வீப்பின் வேகம்தான். டிப் கனமாக இருக்கிறது, பலம் வேண்டும் என்று மனம் சொல்கிறது, கை வெடுக்கென்று இழுக்கிறது. மூழ்கும் டிப்புக்கு வேண்டிய பலத்தைத் தண்ணீரே தருகிறது. நாம் தர வேண்டியது நிதானம்.

ஸ்வீப்பின்போது கம்பு நுனிக்குக் கீழே லைன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் சத்தத்தைக் கேளுங்கள். துணி கிழிகிற மாதிரி ஒரே சீராக வந்தால் நன்று. சட்டென்று நின்றுபோனால் நங்கூரம் கிளம்பிவிட்டது. அந்த வீச்சை முடிக்காதீர்கள், கம்பைத் தாழ்த்தி மறுபடி தொடங்குங்கள். பின்னால் பறக்கும் கனத்த டிப்பை முன்னால் அடிப்பது ஆபத்து. காதையோ கழுத்தையோ முள் கிழித்துக்கொண்டு போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிங்கிள் ஸ்பே போல நங்கூரம் தொட்டதும் கிளம்பும் வீச்சுகளை ஆரம்பத்திலேயே முயல்வது. கனத்த டிப்புக்கு டபுள் ஸ்பே (நங்கூரம் நீர் ஓடிப்போகும் பக்கம் விழும்), ஸ்நாப்-டி (நீர் வரும் பக்கம் விழும்) ஆகிய இரண்டு வீச்சுகளும்தான் ஏற்றவை. இவற்றில் டிப் தண்ணீரில் ஊன்றி நிற்கும், நாம் அதற்கு எதிராக இழுப்போம். என் கருத்தில் முதல் ஆறு மாதம் இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

"லைன் கம்பில் சுற்றுகிறது, குறுக்கே வெட்டுகிறது"

முதலில் காற்றைப் பாருங்கள். காற்று உங்களைக் கடந்து எந்தப் பக்கம் போகிறதோ, நங்கூரமும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் காற்று லைனை உங்கள் மேல் தள்ளும். ஆற்றில் காற்று நீர் ஓடும் திசையில் போனால் டபுள் ஸ்பே, எதிர்த்திசையில் போனால் ஸ்நாப்-டி. சோழவந்தானில் வடகரையில் தெற்குப் பார்த்து நின்றால் தண்ணீர் வலமிருந்து இடமாக ஓடும். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து வரும்போது அதுவும் அதே பக்கம்தான் போகிறது. அப்போது இடக்கை மேலே பிடித்து இடப்பக்கம் நங்கூரம் வைத்து டபுள் ஸ்பே. இடக்கை பழகவில்லை என்றால், வலக்கையை மேலேயே வைத்து இடத்தோளுக்கு மேலாக வீசலாம். மார்கழியில் கண்மாயில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றே இல்லாமலும் குறுக்கே வெட்டினால், நங்கூரம் விழுந்த இடமும் நீங்கள் வீசும் திசையும் சேரவில்லை. டிப் தண்ணீரில் எந்தத் திசையைக் காட்டிப் படுத்திருக்கிறதோ ஏறத்தாழ அந்தத் திசையில்தான் வீச வேண்டும். கம்பளவு தூரத்துக்குள், சற்று முன்னால், உங்கள் பக்கவாட்டில் விழுவது நல்ல நங்கூரம். பின்னால் தள்ளி விழுந்தால் டி வளைவு உருவாக இடம் இல்லை. வெகு முன்னால் விழுந்தால் ஒட்டுதல் கூடிவிடும். கண்ணாடி அணியாமல் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள்.

"ஹெட் பறக்கிறது, டிப் மட்டும் மடங்கிக் குவிகிறது"

காரணம் எடையா, கையா? ஒரே சோதனையில் தெரிந்துவிடும். டி-11 டிப்பைக் கழற்றிவிட்டு அதே நீளத்தில் டி-8 மாட்டுங்கள். வேறெதையும் மாற்றாமல் பத்து வீச்சு வீசுங்கள். டிப் நேராக நீண்டால் ஹெட் அந்தக் கனத்துக்குப் போதவில்லை. அதே மாதிரி குவிந்தால் கைதான். பாதி மிதந்து பாதி மூழ்கும் டிப்புகளும் உண்டு. மொத்த நீளம் மாறாமல் மூழ்கும் பகுதி மட்டும் குறைவதால் நங்கூரத்தின் உணர்வு மாறாது, பழகுபவருக்கு அது பெரிய வசதி.

கை என்று தெரிந்தால் மேல்கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒருகைத் தூண்டிலில் பழகியவர்கள் எல்லோரும் மேல்கையால் தள்ளுகிறார்கள். கம்பு நுனி அரைவட்டம் போட்டுத் தண்ணீரை நோக்கி இறங்கும், பறக்கும் லைனின் வளைவு அகலமாகத் திறக்கும், டிப்பைத் திருப்பும் சக்தி காற்றிலேயே கரைந்துவிடும். இருகைக் கம்பில் வேலை செய்ய வேண்டியது கீழ்க்கை. மேல்கை ஒரு முளைபோல நிற்க, கீழ்க்கை கம்பின் அடியை வயிற்றை நோக்கி இழுத்து, நுனி உயரத்தில் இருக்கும்போதே சட்டென்று நிற்க வேண்டும். மேல்கையில் கட்டைவிரலும் இரண்டு விரலும் மட்டும் கம்பைத் தொடும்படி பிடித்து இருபது வீச்சு வீசிப் பாருங்கள். தள்ளவே முடியாது, கீழ்க்கை தானாக விழித்துக்கொள்ளும். தோள் வலி, மணிக்கட்டு வலி இரண்டுக்கும்கூட இதுவே மருந்து. வலி இரண்டு நாளில் போகவில்லை என்றால் வீச்சை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

"ஃப்ளை நீண்டு முடிந்ததும் உதைத்துத் திரும்புகிறது"

பலம் கூடிவிட்டது. பாதியாகக் குறையுங்கள், அல்லது கனமான டிப் மாட்டுங்கள்.

"எல்லாம் சரி, ரன்னிங் லைன் ஓடவில்லை"

ஹெட்டுக்குப் பின்னால் ரீல்வரை போகும் மெல்லிய லைன்தான் ரன்னிங் லைன். வீசும்முன் அதைத் தண்ணீரில் போட்டுவைத்தால் அது ஒட்டிக்கொள்ளும், கண்மாயில் ஆகாயத்தாமரை வேரிலும் சிக்கும். கீழ்க்கை விரல்களில் வளையங்களாகப் பிடியுங்கள். முதல் வளையம் பெரிது, அடுத்தது அதைவிடச் சிறிது, மூன்றாவது இன்னும் சிறிது. சம அளவில் பிடித்தால் ஒன்றுக்குள் ஒன்று போய் முடிச்சாகும். ரீலில் பல நாள் சுருண்டு கிடந்த லைனை முதலில் கையால் இழுத்து நிமிர்த்துங்கள். கரம்பை மண் ஒட்டிய லைனை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

"அழகாக விழுகிறது, ஆனால் ஒரே தரைமாட்டல், இல்லையென்றால் மீனே தொடவில்லை"

இது ஆழத்தின் கணக்கு. வீசியதும் உடனே இழுக்காமல் எண்ணுங்கள். டி-8 வினாடிக்கு அரை அடிக்குச் சற்று மேல் இறங்கும். பத்து எண்ணினால் ஐந்தாறு அடி. நிறைந்த கண்மாயில் கரையோரப் பள்ளத்துக்கு அது சரி, பங்குனியில் தண்ணீர் வற்றியபின் அதே பத்து உங்களைச் சேற்றில் கொண்டுபோய் இறக்கும். முதல் வீச்சில் ஐந்து, அடுத்ததில் ஏழு, அடுத்ததில் ஒன்பது என்று கூட்டிக்கொண்டே போங்கள். தரை தட்டியதும் ஒன்றைக் குறைத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். கெளுத்தி அந்தத் தரைக்கு ஒரு சாண் மேலேதான் சுற்றும். ஜிலேபிக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம், மிதக்கும் டிப்புக்கே வரும்.

தண்ணீருக்கடியில் எதிலாவது மாட்டிவிட்டால் கம்பால் இழுக்காதீர்கள், கம்பு உடையும். கம்பை லைனுக்கு நேராகத் தாழ்த்தி, லைனைத் துணி சுற்றிய கையால் பிடித்துப் பின்னால் நடங்கள். லீடர் டிப்பைவிட வலுக்குறைவாக இருந்தால் லீடர் மட்டும் அறும், டிப் தப்பிக்கும். அதற்காகவே நான் பத்து ராத்தலுக்கு மேல் லீடர் கட்டுவதில்லை.

மீன் தொட்டாலும் இதே மாதிரிதான். மிதக்கும் தக்கையைப் பார்த்துச் சுண்டிய பழக்கத்தில் பதின்மூன்று அடிக் கம்பை மேலே வெடுக்கினால், ஆழத்தில் வளைந்து கிடக்கும் டிப் நிமிர்வதற்குள் மீன் துப்பிவிடும். கம்பு நுனியைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, லைனைக் கையால் நீளமாக ஒரு இழு. பாரம் தெரிந்தபின் கம்பை உயர்த்துங்கள்.